எசமானர் விட்டுப்போன குதிரைகள்



யாழ்ப்பாணம் என்றதும் உங்களுக்குப் பனைமரம் நினைவுக்கு வரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நினைவுக்கு வரும். சிலருக்குப் போர் நினைவுக்கு வரும். குதிரை நினைவுக்கு வருமா? அந்த மண்ணில் பிறந்து ஒன்பது வயது வரை வளர்ந்த எனக்கே வந்ததில்லை. நெடுந்தீவில் குதிரை உண்டு என்று சின்ன வயதில் வாப்பா சொல்லக் கேட்டதோடு சரி. பார்க்கும் முன்பே ஊரை விட்டு வந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் புத்தளத்திலிருந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். சோனகத் தெருவில் எங்கள் பழைய வீட்டைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. குதிரை பார்க்க வேண்டும் என்பது என் மகனின் ஆசை. முழங்கால் வலியால் உம்மா வரவில்லை. ஆனால் நாங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "மகள், பின்னால ஆட்டுக் கொட்டில் இருக்கா பாரு" என்றுதான் கேட்டார்.

கொட்டில் இல்லை. அந்த இடத்தில் புல்லாந்திப் பற்றை வளர்ந்திருந்தது.

1990 அக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டு யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அனைவரும் வீடுகளை விட்டு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அன்று உம்மா எங்களுக்குச் சட்டை மாற்றி, தம்பிக்குப் பால் கரைத்து, சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தவர். மன்னாரைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஆட்டின் நினைவு வந்தது. கறவை ஆடு, அதற்கு இரண்டு குட்டிகள். "கயிற்றை அவிழ்த்து விட்டேனா?" என்று அன்று கேட்டவர், இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். நகை போனதைச் சொல்லி உம்மா அழுது நான் பார்த்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறுநாள் நெடுந்தீவில் நான் பார்த்தவை யாவும் அந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தவைதாம்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு வழி சொல்கிறேன். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைமுகம் வரை பஸ்ஸிலேயே போகலாம். கடலுக்கு நடுவே போட்ட தெரு; இரு பக்கமும் நீர். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலைப் படகையே பிடியுங்கள். திரும்பி வரும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். ஆகஸ்ட் மாதம் சோளகக் காற்று வீசும் காலம், கடல் நன்றாக ஆட்டும். என் மகள் பாதி வழியில் வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த தீவுக்காரப் பெண் ஒருவர் தன் சந்தைப் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, "மணக்கச் சொல்லுங்கோ" என்று கொடுத்தார். அதை முகர்ந்துகொண்டே பிள்ளை தூங்கிப் போனாள்.

அதே துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் படகு போகிறது. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தரப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் வகுத்திருக்கிறான். யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு. மூன்று பங்கு உரியவனுக்கே. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. குதிரைக்கு அத்தனை மதிப்பு!

அந்த வணிகத்தில் நம் முன்னோருக்கு இருந்த பங்கு சிறியதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் காயல் துறையில் இருந்துகொண்டு பாண்டியனுக்கே அமைச்சராக விளங்கினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் சேர்த்து விலை கொடுக்கப்பட்டதாம். தமிழகத்தில் இன்றும் 'இராவுத்தர்' என்று அழைக்கப்படும் குடும்பங்கள் உண்டல்லவா? குதிரை வீரர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். நம் வீடுகளில் குதிரை இல்லாமல் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டாலும் பெயரில் மட்டும் இன்னும் கட்டியிருக்கிறது!

ஆனால் அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? அதே நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்துவிட்டன என்கிறார். அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். விலை கொடுத்தவனுக்கெல்லாம் வளர்க்கத் தெரிந்துவிடுமா?

நெடுந்தீவுக் குதிரைகளின் கதை இதற்குப் பிந்தியது. போர்த்துக்கேயர் இத்தீவைப் 'பசுக்களின் தீவு' என்று தம் மொழியில் அழைத்தனர். குதிரைகளை இங்கே கொண்டு வந்தவர்கள் அவர்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்து 'டெல்ஃப்ட்' என்றனர். குதிரை வளர்ப்பையும் தொடர்ந்தனர். சுற்றிலும் கடல், ஓடிப்போக வழியில்லை, புல்லுக்குக் குறைவில்லை. பிறகு வந்த ஆங்கிலேயர் காலத்திலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் அது நடந்தது. பின்னர் வேண்டாம் என்று தோன்றியபோது விட்டுவிட்டார்கள். ஆட்கள் போனார்கள். குதிரைகள் நின்றன.

படகை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது மதில்கள். சுண்ணாம்புப் பாறையையும் பவளக் கல்லையும் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி பார்த்த கண்ணுக்கு இது வேறு நாடு போல இருந்தது. ஓர் ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டோம். வழியில் பெருக்கமரம் பார்த்தோம். ஆப்பிரிக்காவில் வளரும் மரம். அடியில் ஒரு பொந்து, என் பிள்ளைகள் இருவரும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். அரபு வணிகர்கள் கொண்டு வந்து நட்டது என்று சொல்லப்படுகிறது. மன்னாரிலும் இதே மரம் உண்டு. பழைய குதிரை லாயத்தையும் பார்த்தோம். லாயம் என்றால் கூரையும் சுவரும் இல்லை. வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் கல் தூண்கள் மட்டுமே. தூண்களுக்கு நடுவே ஒரு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து தீவின் தெற்கே போனால் தரவை தொடங்குகிறது. மரமில்லாத பெரிய மேய்ச்சல் வெளி. 2015இல் தீவின் ஒரு பெரும் பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். முதலில் தூரத்தில் மண் நிறத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. ஓட்டோக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இனி நடந்து போங்கோ, ஓடாதேங்கோ" என்றார்.

சகோதரிகளே, சினிமாவில் வரும் பளபளக்கும் குதிரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை மட்டக் குதிரைகள். உயரம் குறைவு, தலை கொஞ்சம் பெரிது, செம்மண் நிறம், கரும்பழுப்பு, ஒன்றிரண்டு வெள்ளை. காய்ந்த ஆகஸ்டில் விலா எலும்பும் தெரிந்தது. ஓர் ஆண் குதிரை, நான்கு பெட்டைகள், இரண்டு குட்டிகள் என்று ஒரு குடும்பமாக நின்றன. நாங்கள் நெருங்கியதும் ஆண் குதிரை முன்னே வந்து எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே நின்றுகொண்டது. பெட்டை ஒன்று மட்டும் திரும்பி நடக்க, மற்றவை வரிசையாக அதன் பின்னே போயின. எங்கே போவது என்று பெட்டை தீர்மானிக்கிறது, காவலுக்குக் கடைசியில் ஆண் வருகிறது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டார்.

அழகான காட்சிதான். ஆனால் தண்ணீர்?

நெடுந்தீவு பாறைத் தீவு. மேலே மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக் கல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைதான் நிலத்துக்குள் இறங்கி உப்பு நீரின்மேல் மெல்லிய தட்டாக நிற்கிறது. அதிகமாக இறைத்தால் உவர் ஏறிவிடும். குளமும் துரவும் ஆடி ஆவணியில் வற்றிவிடும். ஒரு சாதாரண குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். மட்டக் குதிரைக்கு அதில் பாதி என்று வைத்தாலும், சில நூறு குதிரைகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடும் வரட்சி வந்த ஆண்டுகளில் இங்கே குதிரைகள் தாகத்தால் செத்து விழுந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சுமைதாங்கி இருக்கும் இடத்தில், பக்கத்திலேயே கால்நடைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும், மாடு முதுகு தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக் கல்லும் இருக்கும். யாருடைய மாடு என்று கேட்டு வைத்த தொட்டி அல்ல அது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் செய்தியைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

நண்பகல் வெய்யில் தாங்காமல் ஒரு வீட்டுக் கல்வேலி ஓரமாக ஒதுங்கினோம். உள்ளிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணத்துச் சோனக ஆக்களோ? வாங்கோ பிள்ளை, வெய்யிலுக்கை நிக்காதேங்கோ" என்று உள்ளே கூப்பிட்டார். தொழ வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். திண்ணையைக் கூட்டிப் பாய் விரித்தார். உளூச் செய்வதற்கு ஒரு சிறு வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். வேலியோரம் ஒரு சிமெந்துத் தொட்டி இருந்தது. அதில் நாலு விரல் ஆழம் தண்ணீர் கிடந்தது. நான் வாளித் தண்ணீரில் முகம் கழுவும்போது அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் ஆடு இருந்தது. ஆனால் ஆட்டுக்கு அத்தனை உயரத் தொட்டி எதற்கு?

கேட்டேன்.

"அது குதிரைக்கு" என்றார்.

"உங்கட குதிரையா அம்மா?"

"எங்கட குதிரை இல்லை. ஒருத்தற்றை குதிரையும் இல்லை. ஒரு வரட்சிக்குத் தாய் குளத்துக்குள்ளை செத்துக் கிடந்தது. குட்டி பக்கத்திலை நிண்டது. மனிசன் போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாரே தவிர, பிறகு அரை மணி நேரம் சொன்னார். இரண்டு மாதக் குட்டி. புல்லைக் கொறிக்கத் தொடங்கியிருந்த வயசு. முதல் மூன்று நாள் அது பால் குடிக்கவே இல்லை. ஆட்டுப்பாலைப் போத்தலில் விட்டு நீட்டினால் உதைக்கும். கணவர் போய்ப் பிடிக்கப் போய்ப் பிடிக்க அது பயந்து கல்வேலியில் மோதிக்கொண்டது. கடைசியில் இந்த அம்மா ஒரு சட்டியில் பாலை ஊற்றித் தரையில் வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். சற்று நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் சூடாக மூச்சு விழுந்தது. திரும்பவில்லை. "திரும்பியிருந்தால் ஓடியிருக்கும்" என்றார்.

குதிரை வளர்ப்பு பற்றிய புத்தகம் எதையும் அந்த அம்மா படித்தவரல்லர். ஆனால் கைவிடப்பட்ட குதிரைகளை எடுத்து வளர்ப்பவர்கள் உலகெங்கும் சொல்வது இதைத்தான். குதிரை, வேட்டையாடப்படும் இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையத் தன்னைச் சுற்றி முழுவதையும் அது பார்க்கும்; நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. ஆகவே நேரே போய் முகத்தில் கை நீட்டுவது அதற்குத் தாக்குதல். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே, நின்று நின்று போக வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது. அது வந்து மோந்து பார்க்க வேண்டும். நாம் போய்த் தொடக் கூடாது. தொடலாம் என்று அது அனுமதித்த பிறகு, பிடரி முடியும் தோளின் திமிலும் சேரும் இடத்தில் சொறிந்து கொடுத்தால் அதன் இதயத் துடிப்பே தணிகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று அன்பு காட்டச் சொறிந்துகொள்வதும் அங்கேதான். பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியாக நிறையத் தீனி வைப்பதும் ஆபத்து. காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு நாம் கஞ்சி கொடுப்பது போலச் சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் அரசு நிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகளைக் காக்க 1971இல் சட்டம் கொண்டு வந்தார்கள். அவற்றை வீட்டார் தத்தெடுக்கலாம். ஆனால் எடுத்தவுடன் சொந்தமாகிவிடாது. ஓர் ஆண்டு ஒழுங்காகப் பராமரித்துக் காட்டிய பிறகே உரிமைப் பத்திரம் கொடுக்கப்படுகிறது. எனக்குப் பிடித்த சட்டம் அது.

இன்னொரு பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது ஆங்கிலேயப் படை தன் குதிரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போய்விட்டது. 1930இல் கணவரோடு கெய்ரோவுக்கு வந்த டொரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண், அந்தக் குதிரைகளில் மிஞ்சியவை கிழடு தட்டி, புண்ணோடும் நொண்டியோடும் வண்டியும் கல்லும் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 1931இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கக்கூடிய நிலையில் இல்லை. சில நாள் நிழலும் தீவனமும் தந்து, வலியில்லாமல் கண்மூட வைத்தார். ஆனால் அவர் குறை சொன்னது கெய்ரோவின் ஏழை வண்டிக்காரரை அல்ல. அவர்களுக்கே வயிற்றுக்கு இல்லை என்று அறிந்திருந்தார். அதனால்தான் 1934இல் அங்கே தொடங்கிய மருத்துவமனையில் அவர்களுடைய குதிரைக்கும் கழுதைக்கும் இலவச வைத்தியம். விட்டுப்போனவர்கள் தன்னாட்டவர் என்பதை அவர் மறைக்கவில்லை.

நெடுந்தீவுக்கு அப்படி யாரும் திரும்பி வரவில்லை.

"பிறகு குட்டி எங்கே அம்மா?" என்று என் மகள் கேட்டாள்.

ஒன்றரை வருடம் வீட்டோடு இருந்ததாம். அந்த அம்மா கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போகும். கணவர் கடலுக்குப் போய் வரும்போது தூரத்திலேயே காலடி தெரிந்து கனைக்கும். பிறகு ஒருநாள் தரவைக் குதிரைகள் பக்கத்தில் வந்து நின்றபோது வேலிக்கு இப்பால் நின்று கூப்பிட்டது. மூன்று நாள் அப்படிக் கூப்பிட்டது. மூன்றாம் நாள் படலையைத் திறந்துவிட்டது கணவர்தான். "நான் உள்ளுக்கை போயிட்டன். பாக்கேல்லை" என்றார்.

கணவர் இறந்து ஆண்டுகள் ஆகின்றன. குதிரை, மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தலை காட்டாது. குளம் வற்றியதும் ஒரு பொழுதில் வந்து தொட்டியடியில் நிற்கும். இப்போது அதற்கும் ஒரு குட்டி. தனியாக வராது; கூட்டத்தோடு வந்து, தான் மட்டும் வேலி இடைவெளியால் உள்ளே வரும்.

"தடவிக் கொடுப்பீங்களா?"

"தொட விடாது பிள்ளை. இப்ப அது காட்டுக் குதிரை. ஆனால் வரும்."

எங்கள் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஓட்டோக்காரர் இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டார். குதிரை அன்று வரவில்லை. வந்திருந்தால் கட்டுரைக்கு நன்றாக இருந்திருக்கும், என்ன செய்வது! புறப்படும்போது என் கணவர், உளூவுக்குத் தந்த வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அந்த அம்மாவிடம் காட்டி, என்ன செய்வது என்று சைகையால் கேட்டார். அவர் தொட்டியைக் காட்டினார். மகன் ஓடிப்போய் வாளியைத் தூக்கி ஊற்றினான். நாலு விரல் ஆழம் ஐந்து விரல் ஆனது.

நீங்கள் போனால் ஒன்று செய்யுங்கள். குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள்; வெய்யில் காலத்தில் அவை ஓடுவது குடித்த தண்ணீரை வீணாக்குவது. பிஸ்கட், பாண் எதையும் நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

இரவு யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த வீட்டிலிருந்து உம்மாவுக்குக் கதையெல்லாம் சொன்னேன். ஒல்லாந்தர், லாயம், தரவை, அந்த அம்மா, படலை திறந்த கதை எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டில் இல்லை என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன். அதைப் பற்றி அவர் திரும்பக் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "அந்த மனிசிக்குப் பிறகு அதுகளுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.